ஓடுடைய அமீபாக்கள்: பெயரும் பெயருக்குரிய சான்றும்

(வண்டூரில் கல்லூரி மாணவர்களுக்கும் வனத்துறை, மீன்வளத்துறை அலுவலர்களுக்கும் நிகழ்த்திய உரை)



இந்த வண்டூர்ப் படகுத்துறைக்கு நாள்தோறும் வரும் பயணிகள் பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் காணச் செல்கிறார்கள். 1983ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயில் இவ்வூர். 281.5 சதுர கிலோமீட்டர் பரப்பும் 15 தீவுகளும் கொண்ட அப்பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகளுக்குப் பயணிகள் முறை வைத்து அனுமதிக்கப்படுகின்றனர். அங்கு இறங்குவோர் காலில் மிதிபடும் வெண்மணலைப் பற்றி எவரும் வினவுவதில்லை. அம்மணலில் பெரும்பகுதி பவளத்தின் பொடியும் சிப்பி, சங்குகளின் உடைசலுமே. எஞ்சியதில் கணிசமான பங்கு ஒரே ஒரு செல்லாலான உயிரிகள் கட்டிய ஓடுகள். அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவ்வோடுகளை இனங்கண்டு பெயரிடுவது எவ்வாறு, அப்பெயர் பிழைபட்டால் யாருக்கு என்ன இழப்பு என்பதே என் பொருள்.

பள்ளிப் பாடநூலில் நாம் கண்ட அமீபாவுக்கு வடிவம் இல்லை. பொய்க்கால்களை நீட்டி நகரும், உணவைச் சூழ்ந்து விழுங்கும். அதே உயிரி தனக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, அவ்வீட்டின் வாயில் வழியே மட்டும் பொய்க்கால்களை வெளியே நீட்டுமானால் அது ஓடுடைய அமீபா. நன்னீரில், பாசிபடர்ந்த ஈரப் பாறையில், குட்டையின் அடிச்சேற்றில் வாழ்பவை ஒரு வகை. ஆர்செல்லா என்பது கவிழ்த்த கிண்ணம் போன்றது. அதன் ஓடு புரதத்தால் ஆனது, இளமையில் நிறமற்றும் முதுமையில் பழுப்பாகவும் இருக்கும். டிப்ளூஜியா மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டிச் சிறு குடம் போன்ற வீட்டைக் கட்டுகிறது. யூகிளைபா அவ்வாறு எதையும் பொறுக்குவதில்லை. தன் உடலுக்குள்ளேயே மணற்சத்தாலான செதில்களை உண்டாக்கி ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கிக்கொள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும்.

கடலில் வாழ்பவை போராமினிபெரா எனப்படும் பெருங்கூட்டம். இன்று வாழ்வனவாக ஏறத்தாழ 9,000 சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன; புதைபடிவங்களையும் சேர்த்தால் தொகை பன்மடங்காகும். இவற்றுள் பெரும்பாலானவை ஓர் அறையோடு நில்லாமல் வளர வளர அறைகளைச் சேர்த்துக்கொண்டே செல்பவை. கண்ணுக்குத் தெரியாத அளவிலும் உண்டு, நாணய அளவிலும் உண்டு. எகிப்தியப் பிரமிடுகளின் சுண்ணாம்புக் கற்களில் நாணய வடிவில் காணப்படும் நம்முலைட்டுகள் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. நம் நாட்டில் குஜராத்திலும் மேகாலயத்திலும் அவை நிரம்பிய சுண்ணாம்புப் பாறைகள் பரந்து கிடக்கின்றன.

பெயர் சூட்டிய வரலாறு

இவ்வுயிரிகளை வகைப்படுத்திய வரலாறு, அறிஞர்கள் மீண்டும் மீண்டும் புறத்தோற்றத்தால் வழிதவறிய வரலாறு என்றே சொல்லலாம். 1758இல் லின்னேயஸ், இத்தாலியின் கடற்கரை மணலில் கிடைத்த ஒரு நுண்ணிய சுருள் ஓட்டுக்கு நாட்டிலஸ் பெக்காரியை என்று பெயரிட்டார். நாட்டிலஸ் என்பது கணவாய்க்கு உறவான, சுருளோடு கொண்ட பெரிய கடற்பிராணி. அறைகள் சுருண்டு செல்வதைக் கண்டு இதுவும் அதன் இனமே எனக் கொண்டார். 1826இல் போராமினிபெரா என்னும் பெயரைத் தந்த பிரெஞ்சு அறிஞர் தோர்பினியும் அவற்றைக் கணவாய் வகுப்பிலேயே சேர்த்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1835இல், டுஜார்டென் உயிருள்ளவற்றை நீரில் வைத்து உற்று நோக்கி, உள்ளே கணவாயும் இல்லை, உறுப்புகளும் இல்லை, கூழ் போன்ற பொருள் ஒன்று இழைகளாக நீண்டு சுருங்குகிறது என்று காட்டினார். அன்றே இவை ஒரு செல் உயிரிகளோடு சேர்க்கப்பட்டன. லின்னேயஸ் கண்ட ஓடு இன்று அம்மோனியா பெக்காரியை என வழங்குகிறது. மாணவர்கள் வேதியியலில் படிக்கும் வாயுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டுக்கடாக் கொம்புடைய அம்மோன் என்னும் பழைய எகிப்தியத் தெய்வத்தின் பெயரே, சுருளும் உப்பும் என்று இருவேறு வழிகளில் வந்து, இரண்டிலும் நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டபோது, கிணற்றிலிருந்து மேலே வரும் பாறைத் துகளின் வயதை அறியப் போராமினிபெரா கைகொடுத்தன. நூல்கள் பெருகின. லோப்லிக், டாப்பன் என்னும் தம்பதியர் 1987இல் வெளியிட்ட பேரினங்களின் தொகுப்பு இன்றும் ஆய்வுமேசைகளில் இருக்கிறது. அவர்களுடைய பகுப்புக்கு அடிப்படை ஓட்டுச்சுவரின் பொருளும் அமைப்பும்.

பின்னர் மரபணு ஆய்வு வந்தது. அது தந்த முதல் அதிர்ச்சி, ஓடுடைய அமீபா என்பது ஒரே குடும்பமே அன்று என்பது. ஆர்செல்லாவும் டிப்ளூஜியாவும் உண்மையான அமீபாக்களின் உறவினர். யூகிளைபாவோ, நன்னீரில் ஆர்செல்லாவின் அண்டைவீட்டில் வாழ்ந்தாலும், உறவுமுறையில் கடலிலுள்ள போராமினிபெராவுக்கே நெருங்கியது. வீடு கட்டும் வழக்கம் இவ்வுலகில் ஒரு முறைக்கு மேல் தனித்தனியே தோன்றியிருக்கிறது. இரண்டாவது அதிர்ச்சி நம் அலையாத்திக் காடுகளோடு தொடர்புடையது. மிலியம்மினா பஸ்கா என்னும் இனம் உவர்ச்சேற்றில் மணல் ஒட்டி ஓடு கட்டுவது. ஆகவே மணலோட்டு வகையில் வைக்கப்பட்டிருந்தது. 2006இல் வெளியான மரபணு ஆய்வு, அது பீங்கான் போன்ற வெண்சுண்ணாம்பு ஓடு கட்டும் மிலியோலிட் கூட்டத்துக்கு உறவு என்று காட்டியது. அறைகள் சுற்றப்பட்டிருக்கும் முறை மிலியோலிட்டுகளை ஒத்திருப்பதைப் பழைய ஆய்வாளர்களும் கண்டிருந்தார்கள். சுவரின் பொருளுக்கே முதலிடம் தந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை. 2013இல் பாவ்லோவ்ஸ்கியும் அவர்தம் துணைவரும் முன்வைத்த புதிய பகுப்பு, அறையின் வடிவைத் தலைமை அடையாளமாகக் கொள்கிறது: உருண்டை அறையினர் ஒரு வகுப்பு, குழாய் அறையினர் மற்றொரு வகுப்பு, ஓரறையினர் வேறு.

இவ்வளவு மாற்றங்களுக்குப் பின்னும் களத்தில் நிற்பவருக்கு நுண்ணோக்கியும் கண்ணுமே கருவிகள். ஆகவே கண்ணால் காண்பவற்றைச் சொல்கிறேன்.

கண் காண வேண்டியவை

முதலில் சுவர். மணல் துகள் ஒட்டியதா, பீங்கான் போல் ஒளி ஊடுருவாத வெண்மையா, கண்ணாடி போல் ஒளி புகுவதும் நுண்துளைகள் நிறைந்ததுமா என்று பாருங்கள். உறவுமுறைக்கு இது முடிவான சான்று அன்று என்பதை இப்போதுதான் சொன்னேன். எனினும் மேசையில் மாதிரிகளைப் பிரித்து வைக்க இதைவிட விரைவான வழி இல்லை. அடுத்து அறைகள் அடுக்கப்பட்ட முறை: நேர்க்கோட்டிலா, சடை பின்னியதுபோல் இரு வரிசையிலா, ஒரே தளத்தில் சுருண்டா, நத்தை போல் ஒரு பக்கம் உயர்ந்து சுருண்டா. மூன்றாவது வாய். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதுவே. ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலொழிய வாய் தெரியாது. வாய் தெரியாமல் பேரினத்தைச் சொல்ல முனைவது பெரும்பாலும் ஊகமாகவே முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. அம்மோனியாவும் ஆம்பிஸ்டெஜினாவும் கண்ணாடிச் சுவர் உடையவை. இரண்டும் நத்தை போல் சுருள்பவை. அம்மோனியாவின் அடிப்பக்கத்தில் அறைகளுக்கிடையே ஆழ்ந்த பள்ளங்கள் நடுவை நோக்கி ஓடும். நடுவில் பலவற்றில் ஒரு குமிழ் அடைப்பும் இருக்கும். ஆம்பிஸ்டெஜினா வில்லை போல் இருபுறமும் தடித்தது. அடிப்பக்கத்தில் சிற்றறைகள் மலரிதழ் போல் நடுவைச் சூழ்ந்திருக்கும். முன்னது உவர்நீர்க் கழிமுகங்களிலும் மாசுபட்ட துறைமுகங்களிலும் தாக்குப்பிடிப்பது. பின்னது தெளிந்த, ஒளி புகும் பவளக் கடலில் வாழ்வது. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் கழிமுகம் பவளக்கடலாகவும் பவளக்கடல் கழிமுகமாகவும் அறிக்கையில் ஆகிவிடும்.

பேரினம் வரை செல்வது பயிற்சியால் கைகூடும், சிற்றினத்தில்தான் தொல்லை. போராமினிபெராவில் பல இனங்களுக்குத் தலைமுறை மாறி மாறி இருவகை உடல் உண்டு. கலவியில்லாப் பெருக்கத்தில் பிறந்தது பெரிய முதல் அறையோடு தொடங்கிச் சிறிதாகவே முடியும். கலவியில் பிறந்தது மிகச் சிறிய முதல் அறையோடு தொடங்கிப் பெரிதாக வளரும். இவ்வுண்மை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவாகும்வரை தாயும் சேயும் வெவ்வேறு இனங்களாகப் பெயர் பெற்றிருந்தன. சூழலும் உருவை மாற்றும்: உப்பு குறைந்தால் சுவர் மெலியும், மாசு மிகுந்தால் அறைகள் கோணும். இக்காரணங்களால் ஒரே இனத்துக்குப் பல பெயர்கள் சேர்ந்தன. இதற்கு நேர்மாறாக, உலகெங்கும் உவர்நீரில் கிடைத்த அம்மோனியாவை எல்லாம் ஒரே பெயரில் அடைத்த வழக்கமும் இருந்தது. 2004இல் ஹேவார்டும் பிறரும் மரபணுவையும் ஓட்டையும் ஒப்பிட்டு, அப்பெயரின் கீழ் பல தனி இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டினர். உலகிலேயே மிகுதியாகத் தவறாக இனங்காணப்படும் போராமினிபெராப் பேரினம் என்று தம் கட்டுரைத் தலைப்பிலேயே அதைக் குறித்தனர். நம் நாட்டுக் கழிமுக அறிக்கைகளில் அம்மோனியா பெக்காரியை என்னும் பெயர் தாராளமாக வழங்குவதைக் காணும்போதெல்லாம் அதற்கு ஆதாரமான ஓடு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

கார் நிக்கோபார் தந்த பாடம்

இக்கேள்வி வீண் பிடிவாதம் அன்று என்பதற்கு நம் தீவுகளிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1857 முதல் 1859 வரை உலகைச் சுற்றிய ஆஸ்திரியக் கடற்படைக் கப்பல் நோவாரா, 1858இல் நிக்கோபார்த் தீவுகளுக்கு வந்தது. அதில் வந்த நிலவியலறிஞர் ஹோக்ஸ்டெட்டர், கார் நிக்கோபாரின் சாவாய் விரிகுடாப் பகுதியிலிருந்து களிமண் மாதிரிகளை எடுத்துச் சென்றார். அக்களிமண் ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடியில் படிந்து, பின்னர் நிலம் உயர்ந்ததால் தீவாகியது. அதில் இருந்த நுண்ணோடுகளை ஆராய்ந்த கான்ராட் ஷ்வாகர் 1866இல் பல புதிய இனங்களை விவரித்தார். அவற்றுள் ஒன்றுக்குப் பயணத் தலைவர் வுல்லர்ஸ்டார்பின் பெயரைச் சூட்டி, அனோமலினா வுல்லர்ஸ்டார்பி என்றார். யுவிஜெரினா புரோபோசிடியா என்பதும் அந்நூலில் பிறந்த பெயரே.

வுல்லர்ஸ்டார்பி பின்னர் டிரங்கட்டுலினா, பிளானுலினா, சிபிசிடிஸ், சிபிசிடாய்டிஸ் என்று பேரினம் விட்டுப் பேரினம் குடிபெயர்ந்தது. இனப்பெயர் மட்டும் மாறவில்லை. இன்று புவியின் பழைய தட்பவெப்பத்தை அறிய முயல்வோர் உலகின் எல்லாப் பெருங்கடல்களின் அடிமண்ணிலும் தேடும் ஓடு இது. கடல்நீரில் உள்ள ஆக்சிஜனில் கனமானதும் இலேசானதும் உண்டு. பனியுகத்தில் இலேசான ஆக்சிஜன் பனிப்பாளங்களில் சிறைப்பட்டுவிடுவதால் கடலில் கனமானதன் பங்கு கூடுகிறது; ஓட்டின் சுண்ணாம்பில் அது பதிவாகிறது. 2005இல் லிசிக்கியும் ரேமோவும் 57 கடலடி மண்தூண்களின் அளவீடுகளை ஒன்றிணைத்து 53 இலட்சம் ஆண்டுகளின் வரலாற்றை ஒரே வளைகோட்டில் வரைந்தனர். அதற்குப் பயன்பட்ட ஓடுகளில் முதன்மையானவை சிபிசிடாய்டிஸும் யுவிஜெரினாவும். இவ்விரண்டும் ஒரே நீரில் வாழ்ந்தாலும் ஒரே அளவைக் காட்டுவதில்லை, ஆயிரத்துக்கு 0.64 என்னும் திருத்தத்தைச் சிபிசிடாய்டிஸ் அளவோடு கூட்டவேண்டும் என்பது 1973ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. பனியுகத்துக்கும் இன்றைக்கும் உள்ள மொத்த வேறுபாடே ஆயிரத்துக்கு 1.7 அளவில்தான். ஆகவே இனத்தை மாற்றிச் சொன்னால் பனியுகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகப் பிழை நேரும்.

இவ்வளவு பாரம் சுமக்கும் பெயருக்கு அடிப்படையான ஓடு எது என்று கேட்டபோது, ஷ்வாகரின் மூலமாதிரிகள் கையில் இல்லை. எஞ்சியவை விவரிப்பும் படங்களும் மட்டுமே. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஸ்ரீனிவாசனும் வி. ஷர்மாவும் கார் நிக்கோபாரின் மண்ணுக்கே திரும்பிச் சென்று, ஷ்வாகரின் இனங்களை ஒவ்வொன்றாக மீளாய்ந்து, புதிய மூலமாதிரிகளைத் தெரிந்தெடுத்து 1980இல் வெளியிட்டனர். விலங்கினப் பெயரீட்டு விதித்தொகுப்பு, புதிய மூலமாதிரி இயன்ற அளவு முதல் மாதிரி கிடைத்த இடத்துக்கு அண்மையிலிருந்தே வரவேண்டும் என்கிறது. அண்மை என்பது இங்கே நிக்கோபார். உலகத் தட்பவெப்ப ஆய்வின் ஓர் அச்சாணி நம் தீவின் களிமண்ணில் பதிந்திருக்கிறது என்பதைத் தீவுகளின் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஸ்ரீனிவாசன் கென்னட்டுடன் சேர்ந்து 1983இல் வெளியிட்ட மிதவைப் போராமினிபெரா வரைபட நூலை உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

பூங்கா அலுவலர் கேட்கும் கேள்வி

ஆழ்கடலும் பனியுகமும் இருக்கட்டும், என் பூங்காவுக்கு இதனால் என்ன பயன் என்று வனத்துறை அலுவலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பவளத்தைப் போலவே பெரிய போராமினிபெரா பலவும் தம் உடலுக்குள் பாசிகளைக் குடிவைத்து அவற்றின் உணவால் வாழ்கின்றன. ஆம்பிஸ்டெஜினா டயாட்டம் பாசியையும், பெனெரோப்ளிஸ் செம்பாசியையும், சொரைட்டிஸ் பவளத்தில் உள்ள பாசிக்கு உறவானதையும் வளர்க்கின்றன. நீர் கலங்கினால், கழிவுச்சத்து மிகுந்தால் இவை குறையும். அம்மோனியா, எல்பிடியம் போன்ற, கெட்ட நீரிலும் பிழைக்கும் சந்தர்ப்பவாதிகள் பெருகும். பமீலா ஹாலக்கும் பிறரும் 2003இல் இதை ஓர் எண்ணாக்கினர். பாசி குடியிருக்கும் ஓடுகளின் பங்கைப் 10ஆலும், சந்தர்ப்பவாதிகளின் பங்கை 1ஆலும், பிற சிறு ஓடுகளின் பங்கை 2ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். தொகை 4க்கு மேல் இருந்தால் நீர் பவளம் வளரத் தக்கது. 2க்கும் 4க்கும் இடையே எனில் தள்ளாடும் நிலை. உள்ள பவளம் நிற்கலாம், அழிந்தால் மீள்வது அரிது. 2க்குக் கீழ் எனில் தகாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 200 ஓடுகளை எண்ணியதாகக் கொள்க. பாசி உடையவை 60, சந்தர்ப்பவாதிகள் 20, பிற 120. மூன்றும் பெருகிக் கூடினால் 3, 0.1, 1.2, மொத்தம் 4.3. நல்ல நீர். இப்போது அந்த 60இல் 20 இளம் ஆம்பிஸ்டெஜினாக்களைப் பயிற்சியில்லாத ஒருவர் பிற சிறு ஓடுகளில் சேர்த்துவிட்டார் என்று கொள்க. 2, 0.1, 1.4, மொத்தம் 3.5. நீர் ஒரு சொட்டும் மாறவில்லை. பூங்கா தள்ளாடும் நிலைக்கு வந்துவிட்டது! இந்த அறிக்கையை வைத்துப் படகுகளைக் குறைக்கலாம். எதிர்த்திசையில் பிழை நேர்ந்தால், கழிவு கலக்கும் ஒரு கட்டுமானத்துக்குத் தடையில்லை என்றும் எழுதிவிடலாம்.

இந்தக் குறியீடு மேற்கு அட்லாண்டிக், கரீபியன் பவளங்களுக்கென உருவானது. நம் கடலில் இனங்களும் வேறு, மணலும் வேறு. எனவே இதன் எண்களை வேதவாக்காகக் கொள்ளவேண்டாம் என்பது என் கருத்து. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் ஒரே முறையில் எடுத்து ஒப்பிட்டால் பயன் மிகும். அந்தமான் பவளங்கள் 1998இலும் 2010இலும் கடல் வெப்பத்தால் பெருமளவு வெளிறின. அத்தகைய ஆண்டில் ஹாலக்கின் குறியீட்டை எச்சரிக்கையுடன் பார்க்கவேண்டும். பவளம் வெளிறுவது வெப்பத்தால்; குறியீடு சொல்வதோ முதன்மையாக நீரின் தன்மையை. நீர் நன்றாக இருந்தும் பவளம் வெளிறியது என்றால் காரணம் உள்ளூரில் இல்லை. நீரும் கெட்டிருக்கிறது என்றால் உள்ளூர் நிர்வாகம் செய்யக்கூடிய காரியம் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது அலுவலருக்குக் கிடைக்கும் பெரும் பயன்.

தாழ்ந்த நிலம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்ததை இவ்வூராருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழிப்பேரலை சாய்த்த பெருமரங்களின் அடிகளை வண்டூர்க் கடற்கரையில் பின்னரும் பல ஆண்டுகள் கண்டோம். அலை வந்து திரும்பியது. ஆனால் நிலம் திரும்பவில்லை. போர்ட் பிளேரைச் சுற்றிய தென் அந்தமான் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகருக்கு அருகே, சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல் விளைந்த வயல்கள் உவர்நீரில் மூழ்கின. தெற்கே பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4.25 மீட்டர் தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோ உயர்ந்து, பவளங்கள் வெயிலில் காய்ந்தன.

இது முன்னரும் நேர்ந்ததா, எத்தனை நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை நேர்கிறது என்பது வீடும் மருத்துவமனையும் படகுத்துறையும் எங்கே கட்டலாம் என்று திட்டமிடுவோருக்கு உயிர்நாடியான கேள்வி. எழுதிவைத்த வரலாறு இங்கே குறுகியது. 1881, 1941ஆம் ஆண்டுகளின் பெருநடுக்கங்களோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மண் அதைவிட நீண்ட வரலாறு உடையது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஜாவேத் மாலிக்கும் பிறரும் போர்ட் பிளேருக்கு அருகே மண்ணடுக்குகளை வெட்டிப் பார்த்து, 2004க்கு முன் அண்மை நூற்றாண்டுகளில் இரு நிலநடுக்கங்கள் நிகழ்ந்த தடயத்தை 2011இல் வெளியிட்டனர். தென் அந்தமானின் மேற்குக் கரையில் ஆயிரம் ஆண்டுத் தடயங்களை 2019இல் வெளியிட்டனர்.

இத்தகைய மண்ணடுக்குகளில் ஓடுடைய அமீபாக்கள் நல்ல சாட்சிகள். நன்னீர் வயலில் ஆர்செல்லாவும் டிப்ளூஜியாவும் வாழும். உப்பு சற்றே கலந்தால் சென்ட்ரோபிக்சிஸ் தாக்குப்பிடிக்கும். அலையின் மேல் எல்லையில் ட்ரோகம்மினா இன்பிளாட்டா, மிலியம்மினா பஸ்கா போன்ற மணலோட்டுப் போராமினிபெரா வாழும். கீழே செல்லச் செல்லச் சுண்ணாம்பு ஓட்டினர் வருவர். ஸ்காட், மெடியோலி இருவரும் 1978இல் காட்டியபடி, இவ்வினங்கள் கடல்மட்டத்துக்கு மேல் குறுகிய உயரப் பட்டைகளில் ஒதுங்கி வாழ்கின்றன. ஆகவே மண்தூணில் ஆர்செல்லா உள்ள அடுக்கின் மேல் திடீரென்று சுண்ணாம்பு ஓட்டினர் நிறைந்த சேறு அமர்ந்திருந்தால், நிலம் ஒருநாளில் தாழ்ந்தது என்று ஐயுறலாம். இடையே மெல்லிய மணலடுக்கும், அதில் வெளிக்கடல் ஆழத்து இனங்களும் இருந்தால் அலை வந்ததையும் ஐயுறலாம். வெப்ப நாட்டு அலையாத்திச் சேற்றின் அமிலத்தில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடுவதுண்டு என்பதை மறக்கலாகாது. இல்லாமை இங்கே எளிதில் ஏமாற்றும்.

இந்தச் சாட்சியம் பெயரை நம்பியே நிற்கிறது. இன்று எந்த உயரத்தில் எந்த இனம் வாழ்கிறது என்று வண்டூரின் கழிகளில் அளந்து எழுதி வைத்தாலன்றி, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஓட்டைக் கண்டு உயரம் சொல்ல முடியாது. கனடாவின் சதுப்பில் அளந்த உயரத்தை இங்கே பொருத்துவது சரியன்று.

மாதிரியைக் காத்தல்

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்பரப்பின் ஒரு சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுக்கவேண்டும். எடுத்தவுடன் ரோஸ் பெங்கால் சாயம் கலந்த எதில் ஆல்கஹாலில் இட்டு இரண்டு வாரமாவது வைக்கவேண்டும். இறக்கும்போது உயிரோடிருந்தவை சிவக்கும். பழைய வெற்றோடுகள் வெளுத்தே இருக்கும். இதைச் செய்யாமல் எண்ணினால், பல ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓடுகளை இன்றைய நீரின் நலத்துக்குச் சான்றாக எழுதிவிடுவோம். பின்னர் 63 மைக்ரான் சல்லடையில் கழுவி உலர்த்தி, மிக நுண்ணிய தூரிகையை நனைத்து ஒவ்வோர் ஓடாக எடுத்து, எண்ணிட்ட கட்டங்கள் உள்ள அட்டையில் ஒட்டவேண்டும். 300 ஓடு எண்ணுவது வழக்கம். நன்னீர் இனங்களுக்கு இச்சல்லடை உதவாது. அவை துளை வழியே ஓடிவிடும். பாசியைப் பிழிந்த நீரை இன்னும் நுண்ணிய சல்லடையில் வடித்து, நனைந்த நிலையிலேயே பார்க்கவேண்டும்.

பூங்காவின் எல்லைக்குள் மணலைத் தொடுவதற்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி தேவை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அனுமதி தரும்போது, எண்ணி முடித்த அட்டைகள் எங்கே வைக்கப்படும் என்று ஒரு நிபந்தனை எழுதுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் 39ஆம் பிரிவில் மாதிரிக் காப்பகங்களுக்கு வழிசெய்திருக்கிறது. புதிய இனம் கண்டவர் அதை அறிவித்துச் சான்றுமாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு குறிக்கப்பட்ட காப்பகங்களுள் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனமும் ஒன்று. 1977 முதல் அதன் மண்டல மையம் போர்ட் பிளேரிலேயே இருக்கிறது. சட்டம் புதிய இனத்தைப் பற்றியே பேசுகிறது. நான் கேட்பது அதற்கு ஒருபடி மேல்: பழைய இனமாயினும், ஒரு கட்டுமானத்தையோ பூங்காவின் நிலையையோ முடிவுசெய்யும் அறிக்கையில் பெயர் வந்தால், அப்பெயருக்குரிய ஓடு காப்பகத்தில் இருக்கவேண்டும். இதற்கு ஆகும் செலவு ஓர் அட்டை, ஒரு கண்ணாடி மூடி, ஒரு சீட்டு.

சீட்டில் எழுதவேண்டியவை: இடம், அட்சரேகை தீர்க்கரேகை, நாள், நீரின் ஆழம் அல்லது அலைமட்டத்திலிருந்து உயரம், உப்பளவு, சாயம் ஏற்றப்பட்டதா இல்லையா, எடுத்தவர் பெயர், இனங்கண்டவர் பெயர், எந்த நூலைக் கொண்டு இனங்கண்டார் என்பது. இனம் உறுதியில்லையெனில் பேரினத்தோடு நிறுத்துங்கள். பென்சிலால் எழுதுங்கள், இத்தீவுகளின் ஈரத்தில் பேனா மை இரண்டு மழைக்காலம் தாங்காது.